எழுபத்தாறு ஓடிக்கொண்டிருக்கிறது

எழுபத்தாறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடாதே, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய். எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். கண்ணாடி அறைக்கு வெளியே அச்சகம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஆடிப் பதினெட்டு. ஊருலகத்துக்கு ஜனவரியில் பிறக்கிற வருஷம் சிவகாசிக்காரர்களுக்கு இன்றைக்கே பிறந்துவிடும். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு, ஏஜெண்டுகள் கையில் கொடுத்து, ஆர்டர் வாங்க ஆரம்பிக்கிற நாள். பூசை முடிகிறவரை இங்கே ஒரு மெஷினும் ஓடாது. அதனால்தான் இன்று. வருஷத்தில் இந்த ஒரு காலைப்பொழுதுதான் எனக்குக் கிடைக்கும். பெரிய ஆஃப்செட் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசி மாலை போட்டாகிவிட்டது. என் சர்வருக்கும் ஒரு மாலையோடு வந்தார் சேர்மராஜ், பிளேட் போடுகிறவர். காற்று இழுக்கிற இடத்தில் பூ போய் அடைத்துக்கொள்ளும் என்று வாசலிலேயே மடக்கி, ஒரு பொட்டு மட்டும் வைக்கவிட்டுத் திருப்பி அனுப்பினேன். அச்சகத்தின் டிசைன் அத்தனையும் இதற்குள்தான் இருக்கிறது. இதிலிருந்துதான் பிளேட் மெஷினுக்குப் படம் போகிறது, பிளேட் வந்தால்தான் அச்சு. இது நின்றால் ஞானகுரு அண்ணாச்சியின் மொத்த அச்சகமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நின்றதில்லை. நான் நிற்கவிட்டதில்லை. கடைசியாக இதை அணைத்து ஏற்றியது இரண்டு ஆடிக்கு முன்னால். அன்றிலிருந்து கரண்டு போயிருக்கிறது, ஜெனரேட்டர் மக்கர் செய்திருக்கிறது, மழைத் தண்ணீர் பேப்பர் கோடவுன் வரை வந்திருக்கிறது, இது மட்டும் கண் அசரவில்லை. எத்தனை நாளாக ஓடுகிறாய் என்று கேட்டால் திரையில் நாள்கணக்கைச் சொல்லும். காலையில் வந்ததும் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பிள்ளையின் மார்க்கைச் சொல்லித் திரிகிற அம்மாக்கள் போல, அந்த எண்ணை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பெருமைதான். பெருமை இல்லாமல் எதற்கு ஒரு வேலையைப் பார்ப்பது? அந்த எண் இன்றோடு போகப் போகிறது. போகட்டும். போகட்டும் என்று நினைக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது, வயிறு என்றதும் இப்போதெல்லாம் வேறொரு நினைப்பும் கூடவே வருகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இது. போன வாரம் புதுக் கெர்னல் ஒன்றை இறக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. இடமில்லை என்று ஒரே வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. இடமில்லையா? அடுக்கி வைத்திருக்கிற டிஸ்க்குகளில் பாதிகூட நிரம்பவில்லை. முருகன் மட்டுமே எத்தனை முருகன், ராஜ அலங்காரத்தில், ஆண்டிக் கோலத்தில், மயிலோடு, மயில் இல்லாமல். லட்சுமிக்குத் தாமரையின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொரு படமும் யானைக் கனம். அத்தனை சாமிக்கும் இடம் இருக்கிறது. இடம் இல்லாதது பூட் பார்ட்டிஷனில். மெஷின் கண் திறந்ததும் முதலில் எட்டிப் பார்க்கிற சின்ன அறை அது, கெர்னல்கள் அங்கேதான் குடியிருக்கும். கெர்னல் என்றால் என்ன என்று ஒரு நாள் தங்கப்பழம் கேட்டார். என் வீட்டுக்காரர். பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவர், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார். மெஷின் முழித்ததும் முதல் ஆளாக எழுந்து, மற்ற எல்லாரையும் எழுப்பி, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கொடுக்கிறது என்றேன். அப்ப நம்ம வீட்டுல நீன்னு சொல்லு என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த அறையை இவ்வளவு சின்னதாகக் கட்டியது நான்தான். இரண்டு மூன்று கெர்னல் இருந்தால் போதும், இதற்குப் போய் எவ்வளவு இடம் என்று நினைத்தேன். போதும்தான், பழையதைத் தானாகவே நீக்குகிற வசதியை நான் அணைத்து வைக்காமல் இருந்திருந்தால். என் மெஷினில் என்னைக் கேட்காமல் எதுவும் அழியக் கூடாது என்று அணைத்தேன். அதில் எனக்கு இப்போதும் மறுபேச்சு இல்லை. ஆனால் சிக்கல் என்னவென்றால், பாதியில் நின்றுபோன அந்தப் புதுசு வரிசையில் முதலாவதாகப் போய் நிற்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற வரை தொந்தரவில்லை. என்றைக்காவது அணைந்து திரும்ப எழுந்தால் நேராக அதைத்தான் பிடிக்கும், அது அரைகுறை, மெஷின் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். நான் பக்கத்தில் இருந்தால் பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பிவிடுவேன். பக்கத்தில் இல்லாவிட்டால் யார் எழுப்புவது?

நாளைக்கு நான் பக்கத்தில் இல்லை. நாளைக்கு மதுரையில் அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன், கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். மனதுக்குள் சொல்லும்போதுகூட அந்த வார்த்தையைச் சட்டென்று தாண்டிப் போகிறேன், தெருவில் படுத்திருக்கிற நாயைத் தாண்டுகிற மாதிரி. கட்டி. ஒன்றல்ல, சின்னதும் பெரியதுமாக. போன சீசன் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை, மார்கழி, ராத்திரி பகல் இல்லாமல் பிளேட் ஓடுகிற சமயம். அடர்நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு, எழும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அதையும் பெருமையாகத்தான் நினைத்தேன், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறவரை நினைத்தேன். இவ்வளவு கம்மி ரத்தத்தோடு எப்படிம்மா மாடிப்படி ஏறி வந்தீங்க என்று கேட்டார். ஏறித்தான் வந்தேன், என்ன சொல்வது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றார். முடிந்த பிறகு ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும், கனம் தூக்கக் கூடாது, மணிக்கணக்காக உட்காரக் கூடாது என்றார். பொண்ணு காலேஜ் போயிட்டா, இனி உங்களுக்கு அது தேவையில்லதான என்றும் சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குக் கோபம் வந்தது. தேவை இல்லை என்பதை நான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்காமல் எதுவும் அழியக் கூடாது. அண்ணாச்சியிடம் ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், மதுரையில் ஒரு சோலி என்று. ஆறு வாரம் என்றால் ஆவணி முழுக்கப் போய்விடும். அதற்குள் எத்தனை தடவை கரண்டு போகும், ஜெனரேட்டர் எத்தனை தடவை மக்கர் செய்யும்? ஒரு தடவை இது அணைந்து எழாமல் நின்றால் போதும், ஜெயக்கனியைக் கூப்பிடு என்பார்கள், நான் தையலோடு ஆட்டோ ஏறி வருவேன். வரமாட்டேன் என்று யாரிடமும் சத்தியம் பண்ண மாட்டேன், வருவேன், அதுதான் எனக்குப் பயம். அதனால் எனக்கு நானே ஒரு முடிவு செய்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு இதை அணைத்து ஏற்றும்போது, என் கை படாமல் தானாக எழுந்து, பிளேட் மெஷினையும் எழுப்பிவிட்டால் ஆறு வாரம். எழாவிட்டால் ஆபரேஷன் தைக்குத் தள்ளிப் போகிறது, டாக்டரம்மா என்ன திட்டினாலும் சரி. தங்கப்பழத்திடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சர்வரைக் கழற்றித் தெருவில் வைத்துவிடுவார்.

ஓடிக்கொண்டிருப்பது எந்தக் கெர்னல் என்று கேட்கிறேன். எழுபத்தாறு என்கிறது. தெரியும், தெரிந்தாலும் கேட்க வேண்டும், கேட்காமல் கை வைக்கக் கூடாது, இந்த வேலையில் முதல் பாடம் அது. என்னென்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்கிறேன். வரிசையாக வந்து நிற்கின்றன. எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, தொண்ணூற்றொன்று, நூற்றேழு, நூற்றிருபத்திரண்டு, கடைசியில் அந்த அரைகுறை. வேறு யாராவது பார்த்தால் பஸ் நம்பர் என்று நினைப்பார்கள். எழுபத்தெட்டை இறக்கிய அன்றைக்கு அச்சகத்தில் எல்லாருக்கும் பிரியாணி, அண்ணாச்சிக்குப் பேரன் பிறந்திருந்தான், எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொட்டுவிட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன். எழுபத்தொன்பது வந்தபோது நானும் தங்கப்பழமும் பேசாமல் இருந்தோம், எதற்கு என்று இப்போது ஞாபகம் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்ததில் நிறைய வேலை நடந்தது. தொண்ணூற்றொன்று மழையில் வந்தது, கோடவுனில் பேப்பர் ரீம்களை மேலே தூக்கி அடுக்குகிறார்கள், நான் இங்கே காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நூற்றேழு, இன்பமலருக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். ஒரு பக்கம் கெர்னல் இறங்குகிறது, மறுபக்கம் மகளின் மார்க், எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்து இரண்டுக்கும் சிரித்தேன். நூற்றிருபத்திரண்டு, அந்த வலி முதன்முதலாக வந்த நாள். அடிவயிற்றில் யாரோ துணி பிழிகிற மாதிரி. எண்டரைத் தட்டிவிட்டுத்தான் குனிந்தேன், அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், தட்டிவிட்டுத்தான் குனிந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால் எழுபத்தாறைத் தவிர இவற்றில் ஒன்றுகூட ஒரு நாளும் ஓடியதில்லை. புதுக் கெர்னல் பொறுப்புக்கு வர வேண்டுமானால் மெஷின் ஒரு தடவை அணைந்து எழ வேண்டும். நான்தான் அணைக்கவே இல்லையே. ஒவ்வொன்றாக வந்தன, தம் முறைக்காகக் காத்து உட்கார்ந்தன, அதற்குப் பின்னால் அடுத்தது வந்து உட்கார்ந்தது. கபடி டீமில் கடைசிவரை களத்தில் இறக்காமல் ஓரமாக வைத்திருந்த பையன்கள் போல. எழுபத்தாறு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. யாரையும் உள்ளே விடாமல், யார் கையிலும் ஒப்படைக்காமல், தான் இல்லாவிட்டால் என்ன ஆகும் பார் என்று. கெட்டிக்காரி. மெஷினில் இருப்பதைப் போய் ஏன் கெட்டிக்காரி என்கிறேன்? ஒப்பிட ஆரம்பிக்காதே ஜெயக்கனி, ஒப்பிட்டால் எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியும். வேலையைப் பார்.

எழுபதுகளில் இருப்பதை முதலில் தூக்கிவிடலாம். ஒவ்வொன்றின் பெயரையும் நீளமாகத் தட்டுவதற்குப் பதில் ஏழு என்று போட்டு ஒரு நட்சத்திரக் குறி போட்டால், ஏழில் தொடங்குகிற அத்தனையும் ஒரே வரியில் போய்விடும். கீபோர்டைப் பார்க்காமல் தட்டுகிறவள் நான். ஏஜெண்டுகள் யாராவது கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டுவேன். தட்டுகிறேன். எண்டர். திரையின் நிறம் மாறுகிறது. நடுவில் ஒரு பெட்டி, அதில் ஒரு கேள்வி. நீ இப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறாயோ அதையே நீக்கப் பார்க்கிறாய், நீக்குவதைக் கைவிடவா? ஆம், இல்லை. எழுபத்தாறும் ஏழில்தான் தொடங்குகிறது. கடவுளே. எழுபத்தாறும் ஏழில்தான் தொடங்குகிறது. வேண்டாம் வேண்டாம் என்று மனது கத்துகிறது, அந்தக் கத்தலில் விரல் நேராக இல்லை என்கிற பக்கம் போகிறது, போய் நிற்கிறது. இல்லை என்றால் என்ன அர்த்தம்? கைவிடவில்லை, நீக்கு என்று அர்த்தம். விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். வெளியே மணி அடிக்கிறார்கள். இன்னொரு தடவை படிக்கிறேன், வாய்விட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக. ஆம். கைவிடு. எண்டர். போய்விட்டது, பெட்டி மறைந்துவிட்டது, எதுவும் அழியவில்லை, எழுபத்தாறு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கியிருந்தால் உடனே ஒன்றும் ஆகியிருக்காது, அதுதான் கொடுமை. ஏற்கெனவே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறது அல்லவா, அது பாட்டுக்கு ஓடியிருக்கும். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பது அணைந்து எழுகிறபோதுதான் தெரியும். ரத்தமே இல்லாமல் மாடிப்படி ஏறினேனே, அந்த மாதிரி. ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த நர்ஸ் பெண் வழியில் என் முழங்கையைப் பிடித்தாள், வேண்டாம்மா நான் நல்லாத்தான் இருக்கேன் என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாக. முழுப் பெயரையும் தட்டி, தட்டியதைப் படித்து, படித்த பிறகு எண்டர். எழுபத்தெட்டு போகிறது. போய் வா. எழுபத்தொன்பது. தொண்ணூற்றொன்று. எந்தத் தப்பும் செய்யாதவை. நூற்றேழு. நூற்றிருபத்திரண்டின் முன்னால் கொஞ்சம் தயங்குகிறேன், அந்த வலியும் இதோடு போய்விடும் போல ஒரு பைத்தியக்கார நினைப்பு, போனால் நல்லதுதானே, எண்டர். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கிறேன். தாராளமாக இருக்கிறது. சின்ன அறை திடீரென்று பெரிதாகிவிட்டது, கல்யாணம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன வீடு மாதிரி. பாதியில் நின்ற புதுசை மறுபடி ஆரம்பிக்கச் சொல்கிறேன். இந்தத் தடவை முக்கவில்லை முனகவில்லை, முழுசாக இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. எழுபத்தாறு அதற்குப் பின்னால், துணைக்கு. ஓடுவதை வைத்துக்கொள், அதற்கு முன்னால் நன்றாக ஓடியதையும் ஒன்று வைத்துக்கொள், மற்றதை விடு. இவ்வளவுதான் கணக்கு, இதை முதலிலேயே செய்திருக்கலாம். இன்னும் ஒன்று பாக்கி, பிளேட் மெஷினோடு பேசுகிற டிரைவர் புரோகிராம். அதை ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். கட்டு என்கிறேன். வரிவரியாக ஓடுகிறது. அந்த வரிகளைப் பார்க்கப் பார்க்க முதுகு தானாக நிமிர்கிறது. சர்வரில் இருக்கிற லினக்ஸில் இந்தப் பிளேட் மெஷின் ஓடவே ஓடாது என்று விற்றவர்களே சொன்னார்கள். போலந்தில் யாரோ ஒரு ஆள் தன் அச்சகத்துக்காக எழுதி வைத்திருந்த டிரைவரைத் தேடிப் பிடித்தேன். எங்கள் மெஷினில் அது முக்கால் பிளேட் போட்டுவிட்டு நின்றுவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்று கண்டுபிடித்து, கொஞ்சம் பொறுத்து அனுப்பும்படி மாற்றி அவருக்கே எழுதினேன். அவர் சேர்த்துக்கொண்டார். அந்தக் கோப்பின் தலையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது, ஜெயக்கனி, சிவகாசி என்று ஊரோடு. எந்த நாட்டில் எவன் எடுத்துப் போட்டாலும் என் ஊர்ப் பெயரோடுதான் போட வேண்டும். இந்த அச்சகத்தில் யாருக்கும் இது தெரியாது, சொன்னால் புரியாது, எனக்குத் தெரியும், அது போதும். பொய், போதாது, தங்கப்பழத்திடம் சொன்னேன், அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டி முடித்துவிட்டது. ஒரு பிழையும் இல்லை.

கதவைத் திறந்து அண்ணாச்சி தலையை நீட்டுகிறார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஏஜெண்டுகள் வந்தாயிற்று, ஆல்பம் கொடுத்ததும் முதல் பிளேட் போட வேண்டும், பூசைக்கு வரவில்லையா என்று கேட்கிறார். இங்கே அது வழக்கம், ஜனவரி ஒன்றாம் தேதித் தாளுக்கு ஒரு பிளேட் போட்டுச் சாமி முன்னால் வைத்துக் குங்குமம் வைத்த பிறகுதான் மற்ற வேலை. இதோ வந்துட்டேன் அண்ணாச்சி என்கிறேன். பூசைக்குப் போகலாமா கூடாதா என்று காலையில் குளிக்கும்போது ஒரு கணம் யோசித்தேன், இன்றைக்கும் தீட்டு இருக்கிறது. யோசித்துவிட்டு எனக்கே சிரிப்பு. மாதம் முழுக்க இருக்கிறவளுக்கு எந்த நாளை விலக்கி வைப்பது? சாமிகள் எல்லாம் என் டிஸ்க்கில்தான் இருக்கின்றன, அவற்றுக்குத் தெரியாதா என் நிலைமை? கதவு மூடுகிறது. இனி தள்ளிப்போட ஒன்றுமில்லை. அணைந்து எழு என்று தட்டுகிறேன், எண்டருக்கு முன்னால் நாள்கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று ஆசை, பார்க்கவில்லை, தட்டிவிட்டேன். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொள்கிறேன். என்ன ஆனாலும் தொடக் கூடாது. ஒவ்வொரு வேலையாக நிற்கிறது, ஒவ்வொன்றாக விடைபெறுகிறது, திரை கறுப்பு. விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி நின்றே போகிறது. இரண்டு வருஷமாக இந்த அறையில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. இப்படித்தான் இருக்குமா? முகத்தில் ஒரு மூடி போட்டு, மூச்சை நல்லா இழுங்கம்மா என்பார்கள், சின்ன அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்கள். பேசிக்கொண்டே இருந்தேன் அடுத்த வார்த்தை இல்லை என்றாள். அடுத்த வார்த்தை இல்லாத இடம். அங்கே யார் ஓடிக்கொண்டிருப்பார்கள்? தங்கப்பழம் வராந்தாவில் உட்கார்ந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார், கழற்ற ஒன்றும் இல்லாவிட்டால் கைக்கடிகாரத்தை. விசிறி ஒரே மூச்சில் சீறுகிறது. எழுந்துவிட்டது. இல்லை, இது உடம்பு மட்டும்தான், இன்னும் ஆள் வரவில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது. நினைவகத்தை எண்ணிப் பார்க்கிறது, அது நேரம் எடுக்கும், இவ்வளவு நேரமா எடுக்கும்? மறந்துவிட்டேன், எழுப்பியே பழக்கமில்லாமல் போய்விட்டது. புதுசைப் பிடித்ததா, பாதியில் நின்றுவிட்டதா? கீபோர்டு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் எழுபத்தாறு வந்துவிடும், பழகிய ஆள், உடனே எழுந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. தெரியாதுதான். ஆனால் ஆறு வாரம் யார் வந்து தட்டுவது? எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன், எனக்கு நாளைக்குப் பயமாக இருக்கிறது, எழாமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கோத்த விரல்கள் வலிக்கின்றன. எழுந்திரு. நீ நான் வளர்த்த மெஷின். எழுந்திருடி.

ஒரு வரி வருகிறது. இன்னொன்று. அப்புறம் மளமளவென்று. டிஸ்க்குகளைச் சரிபார்க்கிறது, எல்லாம் சரி, சாமிகள் பத்திரம். நெட்வொர்க்கை எழுப்புகிறது. எந்தக் கெர்னல் என்று நான் கேட்கவே இல்லை, அதுவாகவே முதல் வரியில் சொல்கிறது, புதுசு. நான் தொடவில்லை. இன்னும் மடியில்தான் இருக்கின்றன கைகள். பிளேட் ரூமிலிருந்து சேர்மராஜ் குரல் கொடுக்கிறார், "அக்கா, பச்ச லைட்டு விழுந்துருச்சு, படம் வருது." எழுந்து நிற்கிறேன், ஒரு தடவை திரும்பி நாற்காலியைப் பார்க்கிறேன், பழக்கம், பிறகு பிளேட் ரூமுக்கு நடக்கிறேன். அலுமினியத் தகடு மெல்ல வெளியே வருகிறது, நீலப் படலத்தில் பெரிய ஒன்று, ஜனவரி, வியாழன், நல்ல நேரம், ராகுகாலம், ஓரத்தில் முருகன். முக்காலில் நிற்கவில்லை, முழுசாக வந்தது. நானில்லாமல் வந்தது. அதில் சுருக்கென்று ஒரு வருத்தம் இருந்திருக்க வேண்டும், இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கொஞ்சம் இருந்தது, அதைவிடப் பத்து மடங்கு பெருமை இருந்தது. தானாக எழுகிற மாதிரி ஒன்றைக் கட்டியவள் நான். சேர்மராஜும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய்ச் சாமி முன்னால் வைத்தோம். அண்ணாச்சி ஏஜெண்டுகளிடம் என்னைக் காட்டி, ரெண்டு வருஷமா இந்தப் பிள்ளை மெஷினை நிக்கவிட்டதே இல்லை என்றார். இப்பத்தான் நிறுத்தி ஏத்துனேன் அண்ணாச்சி, தானா எந்திரிச்சிருச்சு என்றேன். நல்ல நாளும் அதுவுமாகவா என்று ஒரு நிமிஷம் முகம் மாறினார், பிளேட்டைப் பார்த்துச் சமாதானமானார். கையில் குங்குமத் தட்டு. "சரிம்மா, மதுர சோலிய முடிச்சிட்டு அடுத்த திங்கக்கெழம வந்துருவேல்ல?" என்று கேட்டார். சுற்றிலும் ஆண்கள், திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் ஏஜெண்டுகள், ஒவ்வொருவர் கையிலும் புது ஆல்பம்.

"இல்ல அண்ணாச்சி. ஆறு வாரம் ஆகும். எனக்குக் கர்ப்பப்பைய எடுக்காங்க."

குரலைத் தாழ்த்தவில்லை. சேலத்துக்காரர் ஆல்பத்தைப் பிரித்துக்கொண்டார். இன்னொருவர் தரையைப் பார்த்தார். அண்ணாச்சிக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பிளேட்டைப் பார்த்தார், கண்ணாடி அறையைப் பார்த்தார், கடைசியில், அப்ப மெஷினு என்றார்.

"மெஷினு தானா எந்திரிச்சிரும் அண்ணாச்சி. நான் எந்திரிக்கத்தான் ஆறு வாரம் ஆகும்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தலை குனிய ஒன்றும் இல்லை. அண்ணாச்சி மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு பிளேட்டின் நான்கு மூலையிலும் வைத்தார். பிறகு தட்டை முதலில் என் பக்கம் நீட்டினார். எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.